சொன்னபடி எடுக்காத அழைப்பு

அக்கா,

இன்று காலை தான்சானியாவில் இறங்கியதும் விமான நிலையக் கடையில் இந்த நாட்டு சிம் ஒன்று வாங்கினேன். போனில் சிம் போடும் தட்டைத் திறக்கக் கடைக்காரர் ஊசி தேடினார். பர்ஸில் இருந்த உன் ஊக்கை எடுத்துக் கொடுத்தேன். நுனி துருவேறிவிட்டது. வேலை முடிந்ததும் அதைக் குப்பையில் போடப் போனார். "ஐயோ, அதைக் குடுங்க!" என்று தமிழிலேயே கத்திவிட்டேன்.

போர்வெல் வண்டி வேலைக்கு முதல்முறை இந்த நாட்டுக்குக் கிளம்பியபோது, செம்மேடு பஸ் ஸ்டாண்டில் வளையலிலிருந்து கழற்றி நீ தந்த ஊக்கு. முன்பே போய்வந்தவர்கள் சொன்னதையெல்லாம் உனக்கு ஒப்பித்துக்கொண்டிருந்தேன். அங்கே போனதும் அந்த ஊர் சிம் போட்டால்தான் கட்டுப்படியாகும். நம் சிம்மையும் கூடவே வைத்து, அதில் நெட்டை மட்டும் அணைத்துவிட வேண்டும். மெசேஜ் சும்மா வரும். ஆனால் நம் நம்பருக்கு வரும் போனை எடுத்தால் நமக்குத்தான் காசு பிடிப்பான்.

"அப்ப நான் கூப்டா எடுத்துத் தொலைச்சராத சாமி," என்றாய். "பொழுதுசாய ரெண்டு ரிங் உட்டுக் கட் பண்ணிருவன். நல்லாருக்கறன்னு நெனச்சுக்க."

உன் பட்டன் போனில் நெட் ஏது? வீட்டில் சிக்னலும் கிடையாது. மரவள்ளிக் காட்டுக்கு மேலே அந்தப் பாறையில் ஏறினால்தான் கிடைக்கும். மழையோ பனியோ, இரண்டு வருஷம் தினமும் ஏறினாய். அங்கே பொழுது சாயும்போது இங்கே மூன்றரை மணி. துளை போடும் இரைச்சலில் எதுவும் கேட்காது. சட்டைப் பையில் போன் இரண்டு தடவை அதிரும். சரி, அக்கா ஏறிவிட்டது என்று நினைத்துக்கொள்வேன். ஞாயிறு மட்டும் இந்த ஊர் சிம்மிலிருந்து நான் கூப்பிடுவேன். ஐந்து நிமிஷம் ஆனதும், "போதும், வையி," என்று நீயே விரட்டுவாய்.

அந்த வெள்ளிக்கிழமை இரண்டு ரிங்கோடு நிற்கவில்லை. முழுக்க அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. மூன்றாம் தடவையும் அடித்தது.

"ஏனுங்க, எடுத்துத்தான் பாருங்களே," என்றார் கூட வேலை செய்தவர்.

"எடுத்தா எங்கக்கா காது கிழியத் திட்டும். கட் பண்ண மறந்துருக்கும்," என்று சிரித்தேன். சிரித்தேன் அக்கா, பாவி. ஞாயிற்றுக்கிழமை கேட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் விடிந்ததும் ஆஸ்பத்திரிக்குப் போய் உனக்கு நெஞ்சில் ஆபரேஷன் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லக்கூடாது என்று நீதான் மாமாவிடம் சத்தியம் வாங்கியிருந்தாயாம். ஆபரேஷனுக்குப் பிறகு நீ கண் திறக்கவேயில்லை.

காரியத்துக்கு வந்தபோது மாமா சொன்னார்: "மூணு தடவ அடிச்சுப் பாத்துட்டு, 'சொன்ன சொல்லக் காப்பாத்தறான் பாரு எந்தம்பி'ன்னு சிரிச்சா சாமி. அப்பறந்தான் பாறைய உட்டு எறங்குனா."

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். என்னதான் சொல்ல வந்தாய்? 'பயமா இருக்குது' என்றா? சோறு தின்றாயா என்றா? ஒரே ஒரு தடவை நான் சொல் தப்பியிருக்கக் கூடாதா?

இந்த முறை நம் சிம்மிலேயே, வரும் அழைப்பையும் எடுத்துப் பேசுகிற மாதிரி ஒரு ரீசார்ஜ் பேக் போட்டுக்கொண்டு வந்தேன். இனி எடுத்துப் பேசுவேன் என்று மாமாவிடமும் நாலு தடவை சொல்லியிருக்கிறேன்.

இன்று மூன்றரைக்குச் சட்டைப் பை அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தால் திரையில் 'அக்கா'. உன் போன் இப்போது மாமாவிடம்தான் இருக்கிறது, தெரியும். தெரிந்தும் முதல் ரிங்கிலேயே எடுத்துவிட்டேன்.

மாமா பதறிப்போனார். "அட, ஏஞ்சாமி எடுத்த? காசு போயிருமில்ல?"

"போவட்டும் மாமா," என்றேன். "நீங்க பேசுங்க."