பசியாறிட்டியா என்ற வரி

மார்ச் 4, திங்கள்

கிடைத்துவிட்டது. பதின்மூன்று பாகத் தொடர். எழுதுவதும் தயாரிப்பதும் நானே. பங்சார் தொலைக்காட்சி அலுவலகப் படியை இரண்டிரண்டாகத் தாண்டி இறங்கினேன். மலேசியத் தமிழர் நம்மைத் திரையில் காட்டினால் குண்டர் கும்பல், இல்லையென்றால் குடிகாரன். போதும். பந்திங் தோட்டத்து லய வீடுகளில் நான் கேட்டு வளர்ந்த பேச்சோடு ஒரு குடும்பம் வரப்போகிறது.

மார்ச் 12

தொலைக்காட்சி மேலாளர் சுகுமாறன் முதல் பாகத்தைத் திருப்பி அனுப்பினார். ‘பசியாறிட்டியா’ வரும் இடமெல்லாம் சிவப்புக் கோடு. பக்கத்தில் ‘டிபன் சாப்பிட்டியா’.

“காலைல சாப்புடுறதைப் பசியாறுறதுன்னா இந்தியாவுல யாருக்குப் புரியும்? அங்கயும் விக்கணும் லா.”

“இப்ப நீங்களே நம்ம ஊரு லா போட்டீங்க அண்ணே.”

சிரிக்கவில்லை. மாற்றாவிட்டால் ஒளிபரப்பு இல்லையாம். கிள்ளானில் எந்த அம்மா டிபன் என்கிறாள்?

மாற்றிவிட்டேன். கோழை.

மார்ச் 30, சனி

முதல் நாள் படப்பிடிப்பு, கிள்ளான். அம்மாவாக நடிப்பவர் லோகேஸ்வரி அக்கா. பள்ளிக்கூட கேன்டீன் நடத்துகிறவர், கேமராவுக்குப் புதிது. வேலை போன மகன் காலையில் வீடு திரும்புகிறான். அக்காவுக்கு ஒரே வரி: “டிபன் சாப்பிட்டியா?”

ஏழு முறை சொன்னார். ஏழும் அறிவிப்புப் பலகையை வாசித்தது போல. அவர் தப்பா? எழுதியது நான்தானே.

எட்டாவது முறை மறந்துபோய், “பசியாறிட்டியா ஐயா?” என்றார். மகனாக நடித்தவன் உடைந்து அழுதுவிட்டான். அழுகையை நான் எழுதவே இல்லை. கேமராவுக்குப் பின்னால் ஒளிப்பதிவாளன் ரிஷி மூக்கை உறிஞ்சினான்.

“ஐயோ, தப்பா சொல்லிட்டேன்மா. திரும்ப எடுக்கலாமா?”

“வேணாம் அக்கா. இதுதான்.”

“சுகுமாறன் உன்னைத் தூக்கிருவாரு லா,” என்றான் ரிஷி.

தூக்கட்டும்.

ஏப்ரல் 21

நாளை சுகுமாறனுக்குப் போட்டுக் காட்ட வேண்டும். டிபன் சொன்ன ஏழும் கைவசம் இருக்கின்றன. மாற்றினால் தொடர் பிழைக்கும். மாற்றலாமா? — மாட்டேன்.

ஏப்ரல் 22, திங்கள்

அந்த இடம் வந்ததும் சுகுமாறன் பேனாவை எடுத்தார். மூடியைத் திறக்கவில்லை.

“யாரு இந்த அக்கா?”

“கிள்ளான்ல கேன்டீன் வச்சிருக்காங்க.”

“நான் மாத்தச் சொன்ன வரி இது.”

“ஆமாண்ணே.”

“திரும்பப் போடு.”

மூன்று முறை போட்டேன். பேனாவைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு எழுந்து போய்விட்டார். போச்சா? தெரியலையே.

ஏப்ரல் 26

இரண்டாம் பாகம் திரும்பி வந்தது. ஒரே ஒரு சிவப்புக் கோடு. அவருக்குப் பயந்து ‘ரெண்டு மீ கோரேங் பார்சல் வாங்கிட்டு வா’ என்று எழுதியிருந்தேன். பார்சலை அடித்துவிட்டு, மேலே அவர் கையெழுத்தில், அதற்கு நாங்கள் இங்கே சொல்லும் சொல்: ‘தாப்பாவ்’.