முதலெழுத்தையும் அடிக்கவேணும்

செவ்வாய், இரவு.

நெல்லியடித் தையல்காரர் கு. சிவகுமாரின் வலது கையில் வாள்வெட்டால் தசைநார்கள் அறுந்துவிட்டன. ஆஸ்பத்திரி வைத்தியர் உறுதிப்படுத்தினார். வாளோடு வந்த மூவரும் தேடியது தங்களில் ஒருவனின் தங்கையை ஏமாற்றிய வி. சிவகுமாரை. போனில் பெயரை மட்டும் தேட, இந்தத் தையல்காரரின் கடைதான் முதலில் வந்திருக்கிறது.

மூவரில் பிடிபட்ட ஒருவனின் தாய் ஆஸ்பத்திரிக்கு வந்து தையல்காரரின் மனைவியிடம் அழுதார்.

“தெரியாமல் செய்துபோட்டான், பிள்ளை.”

“ஓம் அம்மா. தெரியாட்டித் தேடிப் பாக்கிறதுதானே. போனை எடுக்கிறது, பேரை அடிக்கிறது. பேருக்கு முன்னாலை தகப்பன்ரை முதலெழுத்தொண்டு இருக்கும், அதையும் அடிக்கவேணும். பிறகு படத்திலை மூஞ்சையைப் பாக்கவேணும். அதுக்குப் பிறகுதான் வாளை எடுக்கிறது. மோனுக்குச் சொல்லிவிடுங்கோ, அடுத்தமுறைக்கு உதவும்.”

அமைதியாகச் சொல்லி முடித்த மனைவி, அந்தத் தாயின் வலது கையைப் பிடித்து விரல்களைப் பின்னுக்கு வளைத்தார். தாய் கத்தவில்லை, கையை இழுக்கவும் இல்லை. எலும்பு முறிகிற சத்தம் கேட்டது. செய்தி எடுக்கப் போயிருந்த நானும் தாதியும்தான் பிரித்துவிட்டோம்.

செய்தியில் இதை எழுதவில்லை. முதலெழுத்தை மட்டும் திரும்பத் திரும்பச் சரிபார்த்தேன்.

மற்ற இருவரும் பிடிபடவில்லை. வி. சிவகுமாரையும் காணவில்லை. தையல்காரரின் கையில் போட்ட கட்டை நாளை காலை பிரிப்பார்கள். விரல்கள் அசையுமா என்பது அப்போதுதான் தெரியும்.