டிரா போதும்னு உட்கார்ந்தவர்

நைனார்பாளையம்,
24.12.87

என்னங்க,

ஸ்பெயின்ல நடந்த உலக செஸ் போட்டி முடிவைப் பேப்பர்ல பாத்தீங்களா? பழைய சாம்பியனுக்குக் கடைசி ஆட்டம் டிரா ஆனாலே பட்டம். அது போதும்னு பயந்து பயந்து ஆடி, தோத்துட்டாரு. எனக்குக் கோவம் கோவமா வருது.

இட ஒதுக்கீட்டு மறியல்ல மரத்த வெட்டிப் போட்டப்ப, பஸ் ஓடல, வந்து கூட்டிக்கினு போவ முடியலன்னு எழுதினீங்க. ரோடு தொறந்து மூணு மாசம் ஆவுது. சண்டை போட்டுக்கினு அம்மா வூட்டுக்கு வந்தவ, புருஷன் வந்து கூப்புடாம எப்படிப் போறதுன்னு நானும் உட்கார்ந்துட்டேன். சாயங்காலமானா, நாம ஆட உட்கார்ற நேரத்துக்கு, கை செஸ் காயத் தேடுது.

பாதியில நிக்கிற நம்ம ஆட்டத்துல, காய நகத்தினவங்களே அத அவங்கவங்க கையால எழுதுற நோட்டு எங்கிட்டதான் இருக்குது. அடுத்து நீங்கதான் நகத்தணும்னு நெனைச்சிக்கினு இருந்தேன். இன்னிக்குப் பிரிச்சுப் பாத்தா, கடைசி வரி உங்க கையெழுத்து.

போர்டைக் கலைச்சிடாதீங்க. ஞாயித்துக்கெழம மொத பஸ்ஸுல நானே வரேன்.

இப்படிக்கு,
உங்க கறுப்புக் காய்க்காரி