பொழுது சாய்ந்தபின் ஒரு விருந்து

திருவண்ணாமலை
4 ஜூன் 2025

அன்பு மகள் சன்மதிக்கு,

நலம். ரோமாபுரித் துறைமுகத்தில் இருபது வருடம் ஜாடி ஓடுகளைப் பொறுக்கியது போதும். சென்னைக் கல்லூரியில் உனக்கு ஆசிரியர் வேலை தயார். அப்பா போனபின் இந்த வீட்டில் பேச்சுக்குரலே இல்லை.

அகழாய்வுத் தலைமையைத் தருமுன் பேராசிரியை வீட்டில் விருந்து, அதுவும் இரவு ஒன்பதரைக்கு என்கிறாய். போய் உட்கார். சமணர் வீட்டில் பொழுது சாய்ந்தால் சாப்பாடில்லை. அதை அவர்களிடம் விளக்காதே. நோன்பைச் சொல்லிக்காட்டுவது அகங்காரம்.

உன் அம்மா,
ஜெயந்திமாலா

ரோம்
25 ஜூன்

அன்புள்ள அம்மாவுக்கு,

நீங்கள் சொன்னபடியே நடந்தேன். பேராசிரியை கார்லா தன் கையால் சமைத்திருந்தார். நான் எதையும் தொடவில்லை, காரணமும் சொல்லவில்லை. மறுநாளிலிருந்து அவர் என் முகம் பார்த்துப் பேசுவதில்லை. "எங்களோடு இருக்க உனக்கு இஷ்டமில்லை, தெரிந்துவிட்டது" என்றார். தலைமை வேறொருவருக்குப் போகும் போலிருக்கிறது. இனி விளக்கினால் வேலைக்குக் கெஞ்சுவதாகும். மாட்டேன். சென்னைக்கே வந்துவிடுகிறேன். சந்தோஷம்தானே?

சன்மதி

திருவண்ணாமலை
8 ஜூலை

சன்மதி,

உன் சித்தப்பா ஸ்ரீபாலிடம் சொன்னேன். "அப்பாடா! பொண்ணு வந்துடும், வுடுங்க அண்ணி" என்றார். எனக்கும் ஒரு நாள் முழுக்கச் சந்தோஷம்தான். வீட்டு வேலைக்கு வரும் மணியம்மாளை விட்டு மாடி அறையைக் கழுவக்கூடச் செய்தேன். "அக்கா எப்பம்மா வர்றாங்க?" என்றாள். உள்ளே போய் உன் கடிதத்தை மறுபடி எடுத்துப் படித்தேன்.

சமைத்தவளுக்குக் காரணம் தெரிய வேண்டாமா? நான் சொன்னது தப்பு. கார்லாவுக்கு ஆங்கிலத்தில் ஒரு பக்கம் எழுதி விரைவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். கான்வென்டில் படித்த ஆங்கிலம். ஓர் அடித்தல் இல்லை. ஒரு நாள் பகலில் உன் கையால் சாப்பிட வரும்படி அழைத்திருக்கிறேன். அழைப்பது கெஞ்சுவதாகாது. உனக்குக் கோபம் வரும். வரட்டும்.

அம்மா

ரோம்
29 ஜூலை

அம்மா,

கோபம்தான். உங்கள் கடிதத்தைக் கார்லா அகழாய்வுக் குழி ஓரத்தில் நின்று எல்லோருக்கும் வாசித்தார். ஞாயிறு மதியம் வந்தார். மிளகு ரசத்தை மூன்று தரம் வாங்கிக் குடித்துவிட்டு, "இந்த மிளகுக்காகத்தான் அந்தக் காலத்தில் உங்க ஊருக்குக் கப்பல் விட்டோம்" என்று சிரித்தார்.

தலைமை எனக்கே. ஐந்து வருடம். இன்னும் கையெழுத்துப் போடவில்லை. நீங்கள் 'வா' என்றால் வருகிறேன்.

சன்மதி

திருவண்ணாமலை
12 ஆகஸ்ட்

அன்பு மகளுக்கு,

கையெழுத்துப் போடு. நீ வரவில்லை என்று சென்னைக் கல்லூரிக்கு நானே போன் செய்துவிட்டேன். "இன்னா அண்ணி, வர்ற பொண்ண நீங்களே தடுத்துட்டீங்களே!" என்றார் சித்தப்பா. ஆமாம் என்றேன்.

டிசம்பரில் உனக்கு எத்தனை நாள் லீவு? குறைத்து எழுதாதே.

அம்மா