எண்பதைத் தொட்டால்

கோகிலா,

அறைக் கதவைத் தட்டிப் பார்த்தேன், நீ திறக்கவில்லை. அதனால் இந்தச் சீட்டைக் கதவுக்கடியில் தள்ளுகிறேன். கம்ப்யூட்டருக்குள் சிக்கி நின்ற ஃபேன் கருகிவிட்டது. ஆயுத பூஜை என்று கடையெல்லாம் பூட்டிக் கிடக்கிறது. அவிநாசியில் நண்பன் முனீஸிடம் பழைய சிபியு ஃபேன் ஒன்று இருக்கிறதாம், வாங்கப் போகிறேன்.

கம்ப்யூட்டரை ஓவர்க்ளாக் செய்து வேகம் கூட்டியிருக்கிறேன். சரக்கு வாங்கும் பையருக்கான பனியன் டிசைன் வீடியோ முடிய இன்னும் மூன்று மணி நேரம் ஓட வேண்டும். நடுவில் நின்றால் மறுபடி முதலிலிருந்துதான். நாளைக் காலையில் கேட்பார்கள். இந்த ஆர்டரும் போனால் எனக்கு வேறு வழி தெரியவில்லை.

திரையின் ஓரத்தில் ஓர் எண் தெரியும், அதுதான் பிராசஸரின் சூடு. இப்போது எழுபத்திரண்டு டிகிரி. பெட்டியின் பக்க மூடியைக் கழற்றி, டேபிள் ஃபேனை அதன் பக்கம் திருப்பியிருக்கிறேன். எழுபத்தெட்டு வந்தால் என் செல்லுக்குக் கூப்பிடு. எண்பதைத் தொட்டால் பிளக்கைப் பிடுங்கிவிடு. உன்னை ஒன்றும் சொல்ல மாட்டேன்.

பொரியும் சுண்டலும் மூடி வைத்திருக்கிறேன். காலையிலிருந்து நீ சாப்பிடவில்லை.

"ஊரே மெஷின நிறுத்தியிருக்குதுங்க, இன்னைக்கு ஒரு நாளாவது அது ஓயட்டுமுங்க" என்றாய். நான் கேட்கவில்லை.

தரணி

பி.கு. பூஜைக்காகக் கம்ப்யூட்டருக்கு நீ போட்ட பூச்சரம்தான் ஃபேனில் சிக்கியது என்று உன்னிடம் கத்தி, அதை அறுத்தெறிந்தேன். இப்போது டார்ச் அடித்துப் பார்த்தேன். ஓர் இதழ்கூட இல்லை. அத்தனையும் பனியன் பஞ்சு, ஆறு மாதமாக நான் துடைக்காமல் விட்டது. சரத்தை முடிந்து மேசைமேல் வைத்திருக்கிறேன்.

இதை எழுதுவதற்குள் எழுபத்து நான்கு. கதவைத் திற, கோகிலா.