துறைமுக வாசலில் மறிக்கப்பட்ட வேனும் கனகசிங்கத்தின் முறையும்

அனுப்புநர்:
திருமதி யசோதினி சுதாகரன்,
முன்பள்ளி ஆசிரியை,
கடற்கரை வீதி, பெரியகல்லாறு,
மட்டக்களப்பு மாவட்டம்.

பெறுநர்:
பொறுப்பதிகாரி அவர்கள்,
கப்பல் பயணிகள் தரைப் போக்குவரத்து இணைப்புப் பிரிவு,
திருகோணமலை.

விடயம்: உல்லாசக் கப்பலிலிருந்து இறங்கிய என் கணவரை மட்டக்களப்புக்கு ஏற்றிவர வந்த வாடகை வேன் துறைமுக வாசலில் மறிக்கப்பட்டமை மற்றும் அவ்வேளையில் உதவிய சாரதி திரு. கனகசிங்கம் அவர்களின் தொழில் நிறுத்தப்பட்டமை தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

முதலில் ஒன்றைத் தெரிவித்துவிடுகிறேன். என் கணவர் வந்தார், எங்களைப் பார்த்தார், கப்பல் புறப்படுமுன் திரும்பிப்போய் ஏறியும் விட்டார். நானும் பிள்ளையும் சுகமாக இருக்கின்றோம். ஆகவே இது இழப்பீடு கோரும் மனு அல்ல. நடந்ததை நடந்தபடியே தாங்கள் அறிய வேண்டும் என்பதற்காகவும், எங்களால் ஒருவருடைய பிழைப்பு நின்றுபோயிருப்பதற்காகவுமே எழுதுகின்றேன். பிள்ளை உறங்கும் நேரங்களில் விட்டுவிட்டு எழுதுவதால் ஒழுங்கு பிசகியிருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

1. என் கணவர் சுதாகரன் வெளிநாட்டு உல்லாசக் கப்பல் ஒன்றில் சமையற்கூடப் பணியாளர். ஒப்பந்தம் முடியும்வரை இடையில் விடுமுறை கிடையாது. ஏதாவதொரு துறைமுகத்தில் இறங்கிவிட்டு, குறித்த நேரத்திற்குத் திரும்பாவிட்டால் வேலையைக் கைவிட்டதாகவே கொள்வார்கள். பிறகு எந்தக் கப்பலும் அவரை எடுக்காது. இந்த வருடத் தொடக்கத்தில் அவர் பேசும்போது, கப்பல் மார்ச் மாதத்தில் ஒரு பகல் மாத்திரம் திருகோணமலையில் நிற்கும் என்றும், மேலாளரிடம் கேட்டு அன்று இறங்குவதற்கு அனுமதி பெற்றுவிட்டதாகவும் சொன்னார். அதற்குப் பிறகு எங்கள் இருவருக்கும் வேறு பேச்சே இருக்கவில்லை.

2. நான் அப்போது கர்ப்பமாயிருந்தேன். நச்சுக்கொடி கீழே இறங்கியிருந்தபடியால் எந்நேரமும் இரத்தப்போக்கு ஏற்படலாம் என்று வைத்தியர் என்னை மட்டக்களப்பிலுள்ள வைத்தியசாலையில் தங்கவைத்தார். கட்டிலை விட்டு எழும்பவும் கட்டுப்பாடு. எனவே நான் திருகோணமலைக்குப் போய் அவரைப் பார்ப்பது நடவாத காரியம். அவரே வர வேண்டும்.

3. இதைக் குறிப்பிடாமல் விட நினைத்தேன். ஆனால் குறிப்பிடாவிட்டால் ஒரு பகலுக்காக இவ்வளவு பாடு எதற்கு என்று தாங்கள் கேட்கலாம். இது எங்களுடைய இரண்டாவது பிள்ளை. முதற்பிள்ளை பெண். பிறந்த அன்றே இறந்துவிட்டாள். அப்போதும் என் கணவர் கடலில்தான் இருந்தார். அவர் வந்து சேர்ந்தபோது அவளை அடக்கம் செய்த இடத்தைத்தான் காட்ட முடிந்தது. அதிலிருந்து அவர் அந்தப் பிள்ளையைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. நானும் பேசவில்லை.

4. வாகன ஒழுங்கை வைத்தியசாலைக் கட்டிலில் கிடந்தபடி தொலைபேசியிலேயே செய்தேன். பேருந்தில் வந்தால் போகவும் வரவும் பகல் போதாது. சுற்றுலா முகவர்கள் சிலரைக் கேட்டேன். தாங்கள் கப்பல் பயணிகளை மாத்திரமே ஏற்றுவதாகவும், கப்பலில் வேலை செய்பவர்களுக்கு வாகனம் தருவதில்லை என்றும் மரியாதையாகச் சொன்னார்கள். பின்னர் எங்கள் முன்பள்ளிப் பெற்றோர் ஒருவர் மூலம் ஏறாவூரைச் சேர்ந்த திரு. மின்ஹாஜ் அவர்களின் தொடர்பு கிடைத்தது. வெளிநாட்டுக்குப் போவோரைக் கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு ஏற்றியிறக்குவதே அவருடைய தொழில். வேனுக்கு வாடகை அனுமதி, காப்புறுதி எல்லாம் ஒழுங்காக உண்டு. விபரத்தைக் கேட்டதும் அவர், “தங்கச்சி, ஆளை உங்கட கட்டிலுக்குக் கிட்டக் கொண்டுவந்து விடுறதும் என்ர பொறுப்பு, திருப்பிக் கப்பலடியில விடுறதும் என்ர பொறுப்பு. நீங்க யோசிக்காமப் படுங்க” என்றார். அன்றிலிருந்து அவர் எனக்கு ஓர் அண்ணன், மின்ஹாஜ் நானா.

5. கப்பல் வந்த அன்று மின்ஹாஜ் நானா அதிகாலை சுபஹுத் தொழுகையை முடித்த கையோடு புறப்பட்டுவிட்டார். அதே காலையில் எனக்கு இரத்தப்போக்கு ஆரம்பித்தது. உடனே சத்திரசிகிச்சை செய்ய வேண்டும் என்று வைத்தியர் கூறினார். என்னை ஆயத்தப்படுத்திக்கொண்டிருக்கும்போது, துறைமுக வாசலுக்கு வெளியே வந்துவிட்ட என் கணவருக்கு அழைப்பெடுத்து விடயத்தைச் சொன்னேன். அவர் பதில் சொல்லுமுன்னே அந்தப் பக்கத்தில் ஆட்கள் சத்தமிடுவது கேட்டது. இனி எழுதுவது பிறர் சொல்லி அறிந்ததல்ல, நானே என் காதால் கேட்டது.

“வெளி மாவட்ட வேன் இஞ்ச ஆள் ஏத்த ஏலாது. ஏத்துறதெண்டா எங்கட முறையிலதான் ஏத்தோணும்” என்றது ஒரு குரல்.

என் கணவர், “சரி அண்ணன், உங்கட வேனிலயே வாறன். வெளிக்கிடுங்க, மட்டக்களப்பு ஆஸ்பத்திரிக்குப் போகோணும்” என்றார்.

“மட்டக்களப்புக்கோ? அவ்வளவு தூரம் போனா எங்கட இண்டைய ஓட்டமெல்லாம் போயிடும். ஏலாது.”

“அப்ப இந்த வேன்காரரை விடுங்க.”

“அதுவும் ஏலாது.”

இதற்கு மேல் கேட்க எனக்கு வாய்க்கவில்லை. தாதி தொலைபேசியை என் கையிலிருந்து மெதுவாக எடுத்துக்கொண்டார். வேன் புறப்பட்டதா இல்லையா என்று தெரியாமலே நான் சத்திரசிகிச்சைக் கூடத்துக்குள் போனேன். மயக்கமருந்து ஏறும்வரை அந்த “ஏலாது” என்ற குரல்தான் காதுக்குள் நின்றது.

6. அதன் பின் வாசலில் நடந்ததை என் கணவரும் மின்ஹாஜ் நானாவும் தனித்தனியாகச் சொன்னார்கள். இருவர் சொன்னதும் ஒன்றாகவே இருக்கிறது. வாசலில் வரிசை முறை வைத்து வேன் ஓட்டும் சங்கத்தினர், மின்ஹாஜ் நானாவின் வேனுக்கு முன்னும் பின்னும் தங்கள் வேன்களை நிறுத்தி மறித்திருக்கிறார்கள். என் கணவர் கைகூப்பிக் கேட்டும் பயனில்லை. கடமையிலிருந்த காவலர், வாசலுக்கு வெளியே நடப்பதில் தான் தலையிட முடியாது என்று சொல்லிவிட்டார். முன்னால் நின்ற வேன் திரு. கனகசிங்கம் என்பவருடையது. அவரும் அதே சங்கத்தவர்தான். அவர் என் கணவரிடம் வந்து, “ஆருக்குத் தம்பி சுகமில்ல?” என்று கேட்டிருக்கிறார். இவர், “மனுசிக்கு. இப்ப ஒப்பரேசன் தியேட்டருக்குக் கொண்டுபோகினம்” என்றாராம். கனகசிங்கம் அவர்கள் வேறொன்றும் கேட்காமல் தன் வேனில் ஏறி அதனை இயக்கியிருக்கிறார். மற்றவர்கள் ஓடிவந்து கதவைப் பிடித்தபோது, “என்ர வேனை நான் எடுக்கிறன். ஆரிட்டயும் கேட்டு எடுக்கத் தேவையில்ல” என்று சொல்லிவிட்டு வேனை முன்னுக்கு எடுத்து வழிவிட்டிருக்கிறார். அந்த வழியாலேயே மின்ஹாஜ் நானா வெளியேறினார்.

7. வெருகல், வாகரை கடந்து ஓட்டமாவடி வழியாக வேகமாக வந்தார்களாம். மின்ஹாஜ் நானா தேநீருக்குக்கூட நிறுத்தவில்லை. என் கணவர் வைத்தியசாலை விடுதி வாசலை அடைந்தபோது நான் இன்னும் மயக்கத்தில் இருந்தேன். தாதி ஒருவர், “நீங்கதானே கப்பலால வந்தவர்? கையக் கழுவிட்டு வாங்க” என்று சொல்லி அவரை உள்ளே அழைத்துச் சென்று பிள்ளையைக் காட்டியிருக்கிறார். ஆகவே எங்கள் மகனை என்னைவிட முன்னதாகக் கண்டவர் அவர்தான். நான் கண்விழித்தபோது அவர் கப்பல் உடுப்போடு கட்டிலருகே நின்றுகொண்டிருந்தார். “அழுறான். நல்ல சத்தமா அழுறான்” என்றார். அதைச் சொல்லிவிட்டுத் தானும் அழுதார். பிறகுதான் முதன்முறையாக எங்கள் முதற்பிள்ளையைப் பற்றிப் பேசினார். அவள் முகம் எப்படி இருந்தது என்று கேட்டார். என் பக்கத்தில் கிடத்தியிருந்த மகனைக் காட்டி, இந்தத் தம்பியைப் போலவே நெற்றி அகலம் என்று சொன்னேன். ஐயா, மனுவுக்கு இது தேவையற்ற விபரம் என்று தெரியும். ஆனாலும் அந்த வேன் வாசலிலேயே நின்றிருந்தால் எங்களுக்கு எது கிடைக்காமல் போயிருக்கும் என்பதை வேறு எப்படி எழுதுவதென்று எனக்குத் தெரியவில்லை.

8. காலையில் வாசலில் வீணான நேரத்தால் அவர் எங்களோடு நின்றது கொஞ்ச நேரந்தான். திரும்பும் வழியில் மழை. கிண்ணியாவை அண்டியபோது நேரம் நெருங்கிவிட்டது. வாசலுக்குப் போனால் மீண்டும் மறிப்பார்கள் என்று பயந்து, மின்ஹாஜ் நானா துறைமுகத்துக்குச் சற்று முன்னுள்ள சந்தியிலேயே வேனை நிறுத்த, என் கணவர் அங்கிருந்து மழைக்குள் ஓடியிருக்கிறார். ஏணிப்படியை எடுக்க ஆயத்தமாயிருந்தவர்கள் இவரைக் கண்டு பொறுத்துநின்றார்களாம். நான் விடுதியில் தொலைபேசியை நெஞ்சில் வைத்தபடி படுத்திருந்தேன். “ஏறிட்டன்” என்று அவருடைய ஒற்றைச் சொல் வந்தது. பக்கத்துக் கட்டிலில் இருந்த காத்தான்குடிப் பெண் ஸுஹைனா, “அல்ஹம்துலில்லாஹ், இனி நீங்க சாப்பிடுங்க” என்று தன்னிடமிருந்த இடியப்பத்தைத் தந்தார். அன்று காலையிலிருந்து நான் பட்ட பயமெல்லாம் அப்போதுதான் இறங்கியது.

9. வீடு வந்த பின் மின்ஹாஜ் நானா தேடித்தந்த இலக்கத்தில் கனகசிங்கம் அவர்களுக்கு நன்றி சொல்ல அழைத்தேன். அவருடைய மனைவி பேசினார். அன்றைக்கே சங்கத்தினர் அவரை முறையிலிருந்து நீக்கிவிட்டதாகவும், அதன் பிறகு வந்த கப்பலுக்கு அவர் வாசலடிக்கே போகவில்லை என்றும் அவரிடமிருந்து அறிந்தேன். பின்னர் அவரே தொலைபேசியை வாங்கி, “அதை விடுங்க பிள்ளை. மகன் பால் குடிக்கிறானா?” என்று கேட்டார். முறைப்பாடு செய்யட்டுமா என்றதற்கு முதலில் வேண்டாமென்றார். நான் விடவில்லை. “சரி, எழுதுறதெண்டா அவங்களுக்குத் தண்டனை குடுக்கச் சொல்லி எழுதாதீங்க. அவங்களும் வருசத்தில கொஞ்சக் கப்பலைத்தான் நம்பிக் கிடக்கிறாங்க” என்றார். அவருடைய விருப்பப்படியே மறித்தவர்கள் எவருக்கும் தண்டனை கோராமல் இம்மனுவை எழுதுகின்றேன். எனக்கு அவர்கள்மேல் கோபம் முற்றாகத் தீரவில்லை என்பதையும் மறைக்க விரும்பவில்லை.

10. ஆகையால் ஐயா, தங்களிடம் நான் பணிவுடன் வேண்டுவன:

(அ) முன்கூட்டியே ஒழுங்கு செய்யப்பட்ட வாடகை வாகனங்கள், அவை எந்த மாவட்டத்தைச் சேர்ந்தவையாயினும், ஆட்களை ஏற்றி இறக்குவதற்குத் துறைமுக வாசலுக்கு அருகே ஓரிடத்தைக் குறித்துத் தர வேண்டும். அவ்விடத்திற்குத் தங்கள் பிரிவே பொறுப்பாக இருக்க வேண்டும். உல்லாசப் பயணிகளைப் போலவே கப்பலில் வேலை செய்வோருக்கும் அது பொருந்த வேண்டும். தூரத்து ஊர்களில் இருந்து போய்க் கப்பலில் வேலை செய்யும் எங்கள் பிள்ளைகள் இன்று பலர்.

(ஆ) வாசலில் நிற்கும் சங்கத்தினருக்கும் அவர்களுடைய ஓட்டம் குறையாதபடி ஒரு ஒழுங்கை அவர்களோடு பேசியே செய்ய வேண்டும்.

(இ) திரு. கனகசிங்கம் அவர்களை அவருடைய பழைய முறையிலேயே மீண்டும் நிறுத்த ஆவன செய்ய வேண்டும். முதலிரண்டு வேண்டுகோள்களுக்கும் காலம் எடுக்கும் என்பது எனக்கு விளங்கும். இதற்குக் காலம் தேவையில்லை. தங்கள் ஒரு வார்த்தை போதும்.

விசாரணைக்கு அழைத்தால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு திருகோணமலைக்கு வர நான் ஆயத்தம். மின்ஹாஜ் நானா வேன் தருவதாகச் சொல்லியிருக்கிறார். எங்கள் பக்கம் எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டது ஐயா. அவருடைய பக்கமும் முடிந்தால்தான் நான் பிள்ளையை மடியில் வைத்து மனக்குறை இல்லாமல் இருக்க முடியும். அடுத்த கப்பல் வரும்போது கனகசிங்கம் அவர்கள் தன் வேனோடு வாசலில் நிற்கிறார் என்ற செய்தியை மாத்திரம் எதிர்பார்த்திருக்கின்றேன்.

தங்கள் நல்ல தீர்மானத்தை நம்பி,

(ஒப்பம்)
யசோதினி சுதாகரன்

இடம்: பெரியகல்லாறு
திகதி: 2025.04.09