பையிலிருந்து நீ எடுத்து வைத்தவை

நாளைய பயணத்துக்காகக் கூடத்தில் போர்வையை விரித்து, இரண்டு வருடமாகப் பரணில் கிடந்த சைக்கிள் பைகளை இன்று காலை இறக்கினேன். ஜிப்பைத் திறந்ததும் பஞ்சர் ஒட்டும் சொல்யூஷன் வாசனை முகத்தில் அடித்தது. டியூப் கசிந்து உன் பழைய துண்டெல்லாம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மடிப்பைப் பிரிக்கப் பார்த்தேன், முடியவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

நாம் இருவரும் பள்ளியில் ஒரே பெஞ்சு. நீ கல்யாணமாகி விழுப்புரம் போனாய். நான் திண்டிவனத்திலேயே இருந்துவிட்டேன். நாற்பத்தெட்டு வயதில் திடீரென்று ஒரு நாள் போன் செய்தாய். "ஏண்டி, நான் கியர் சைக்கிள் வாங்கிக்கினேன். நீயும் ஜல்தியா ஒண்ணு வாங்கு. ஊர் சுத்தலாம்." தெருவே சிரித்தது. என் வீட்டுக்காரர்கூட, "ரெண்டு பேரும் சர்க்கஸ்ல சேரப் போறீங்களா?" என்றார்.

முதல் பயணம் திருவண்ணாமலைக்கு. நீ அனந்தபுரம் வழியாக வந்தாய், நான் இங்கிருந்து வந்தேன், செஞ்சி பஸ் ஸ்டாண்டில் சேர்ந்தோம். என் சைக்கிள் ஆடிக்கொண்டு வந்ததைப் பார்த்து, டீக்கடை பெஞ்சில் என் பையைக் கொட்டினாய். மூன்று புடவை, குடை, பிளாஸ்க், ஒரு கிலோ மல்லாட்டை உருண்டை, ஒரு தலையணை.

"தலகாணியா? இன்னாடி, குடித்தனம் போறியா?"

கடலை உருண்டையைக் கடையில் இருந்தவர்களுக்கெல்லாம் கொடுத்தாய். மற்றதை மூட்டை கட்டி, திண்டிவனம் பஸ் கண்டக்டரிடம் ஒப்படைத்து, என் வீட்டுக்காரரை வந்து வாங்கிக்கொள்ளச் சொன்னாய். "ஏத்தத்துல இழுக்க முடியாதத எறக்கத்துல ஏத்திக்காதே" என்றாய். எனக்கு அன்றைக்கு அழுகை அழுகையாக வந்தது. ஆனால் மலை தெரியும் வரை நான் ஓரிடத்திலும் இறங்கித் தள்ளவில்லை.

அதன் பிறகு ஒவ்வொரு பயணத்துக்கும் முந்தின நாள் மதியம் உன் வீட்டுக்கு வந்துவிடுவேன். தொங்கு தராசில் ஒவ்வொன்றாக நிறுத்து மூன்று குவியல் போடுவாய். வருவது, வராதது, சண்டை போட வேண்டியது. என் முகம் பார்க்கும் கண்ணாடி எப்போதும் சண்டைக் குவியலில்தான். நான் அழிச்சாட்டியம் செய்தால், உன் பொருள் ஒன்றைச் சத்தமில்லாமல் எடுத்துவிட்டு அதற்கு இடம் கொடுப்பாய். மரக்காணத்தில் மழையில் நீ நடுங்கியபோதுதான், கண்ணாடிக்காக உன் ஸ்வெட்டரை விட்டுவிட்டு வந்தது எனக்குத் தெரிந்தது.

கடைசியாக ராமேஸ்வரம் கிளம்பினோம். அன்று மதியம் உன் பையில் ஒரு டப்பா நிறைய மாத்திரை இருந்தது. பழி வாங்க நல்ல நேரம் என்று நினைத்தேன்.

"மெடிக்கல் ஷாப்பு வெக்கப் போறியா?"

"சத்து மாத்திரைடி."

"அப்போ வராது. எடு வெளியே."

நீ என் முகத்தை ஒரு நிமிடம் பார்த்தாய். பிறகு சிரித்து, டப்பாவை பிரிட்ஜ் மேல் வைத்தாய். ஜெயித்துவிட்ட சந்தோஷத்தில் இருந்தேன் நான்.

இரண்டாம் நாள் கொள்ளிடம் பாலத்தில் பாதி போனதும் நீ இறங்கி, கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டாய். உதடு வெளுத்திருந்தது. "கொஞ்சம் இரு, மூச்சு வாங்கிக்கினு வர்றேன்" என்றாய். மூச்சு வரவில்லை. குட்டி யானை சரக்கு வண்டிக்காரர் ஒருவர் உன்னையும் சைக்கிள்களையும் ஏற்றிச் சிதம்பரத்துக்குத் திருப்பினார். அங்கிருந்து புதுச்சேரிக்கு அனுப்பினார்கள். இதயம் பெருத்துப் போயிருக்கிறது என்றார்கள். பிரிட்ஜ் மேல் விட்டது இதய மாத்திரை என்று அப்போதுதான் புரிந்து, அதனால்தானா இது என்று டாக்டரிடம் மூன்று முறை கேட்டேன். ரெண்டு நாள் மாத்திரையால் ஒன்றும் மாறியிருக்காதும்மா என்று மூன்று முறையும் சொன்னார். இன்றுவரை எனக்கு முழுசாக நம்பிக்கை வரவில்லை.

ஆஸ்பத்திரி வராந்தாவில் உன் மகள்தான் சொன்னாள். "சைக்கிளே தொடக்கூடாதுன்னு போன வருஷமே சொல்லிட்டாங்க பெரிம்மா. உங்ககிட்ட மூச்சு விடக்கூடாதுன்னு அம்மா சத்தியம் வாங்கிக்கினாங்க."

வந்த கோபத்தில் உன் கட்டிலருகே நின்று கத்தினேன். "ஏண்டி சொல்லல? என் கையாலயே எடுக்க வெச்சிட்டியே!"

நீ மெதுவாகச் சொன்னாய். "சொல்லியிருந்தா, நீ என்னையே தூக்கி வராத குவியல்ல போட்டிருப்பே."

உண்மை அதுதான். கண்டிப்பாகப் போட்டிருப்பேன். உன்னை வீட்டில் பத்திரமாக உட்கார வைத்துவிட்டு, உன் நன்மைக்குத்தான் என்று சொல்லியிருப்பேன்.

கொஞ்ச நேரம் கழித்து, "பாலத்துக்கு அந்தாண்ட பாக்கவே இல்ல பாரு. நீ போய்ப் பாத்துக்கினு வந்து சொல்லு" என்றாய். "சேந்து போலாம்" என்றேன். நான்காம் நாள் நீ போய்விட்டாய்.

இப்போது குவியல் போட உட்கார்ந்தால் கை ஓடவில்லை. குடையை வைத்தேன், எடுத்தேன், மறுபடி வைத்தேன். வேண்டாம் என்று சொல்ல ஆள் இல்லை. வீட்டுக்காரர் வாசலில் நின்று பார்த்தார். "துணைக்கு நான் பஸ்லயாவது பின்னாடி வரட்டுமா?" என்றார். வேண்டாம் என்றேன். அவர் சர்க்கஸ் பேச்சை விட்டு ரொம்ப நாளாயிற்று.

நாளை கிளம்பினால் மறுநாள் மாலைக்குள் கொள்ளிடத்தை எட்டிவிடுவேன். நடுப்பாலத்தில் இறங்காமல் போக என்னால் முடியாது. இறங்குவேன், அழுவேன், பிறகு மிதிப்பேன். அந்தப் பக்கத்தில் கண்ணில் முதலில் படுவது வாழைத்தோப்போ, டீக்கடையோ, வெறும் மணலோ, நின்று அதை உனக்கு வாய்விட்டுச் சொல்வேன். போகிறவர்கள் பார்த்தால் பார்க்கட்டும். நீ கேட்டதில் நான் இன்னும் செய்யாதது இது ஒன்றுதான்.